பத்தாம் பாகத்துச் சண்டை

என் கலியாணப் பேச்சு நடந்த நாட்களில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மாப்பிள்ளை கதைப்புத்தகம் வாசிக்கிறவரா என்று கேட்டேன். அண்ணன் ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கொழும்பில் மறுமுனையில் இருந்தவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். மாப்பிள்ளையின் உயரம், படிப்பு, உத்தியோகம், சாதகப் பொருத்தம் எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

"உதெல்லாம் ஒரு கேள்வியே?" என்றார் அண்ணன்.

"எனக்கு உது ஒண்டுதான் கேள்வி," என்றேன்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது, இந்தப் பனி நாட்டில் நாங்கள் குடியேறிய பார்க்டேலில், எங்கள் தொடர்மாடியின் பதினோராம் தட்டு முழுவதற்கும் தெரியும். அண்ணன் பெருமூச்சு விட்டுவிட்டு, அந்தக் கேள்வியையும் சேர்த்து அனுப்பினார்.

பதில் மூன்று கிழமை கழித்து, நீல நிற ஏரோகிராமில் நேராக எனக்கே வந்தது. வாசிக்கிறவன்தான் என்று எழுதி, நான் பள்ளிக்கூடக் காலத்தில் பைத்தியமாய் வாசித்த தொடரின் பெயரையே அவர் குறிப்பிட்டிருந்தார். பதினெட்டுப் பாகமும் வாசித்தாராம். "மூன்றாம் பாகத்தில் வரும் ராணியின் கறுப்புக் குதிரை ஆறாம் பாகத்தில் வெள்ளையாகிவிட்டதே, கவனித்தீரா?" என்று கடைசி வரியில் ஒரு கேள்வி. நான் கவனித்திருக்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அண்ணனிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏழு வாசல் வைத்த ஒரு கோட்டை, அதை ஆளும் ஒரு ராணி, ஆண்டுக்கு ஒரு வயது குறைந்துகொண்டே போகும் ஒரு மந்திரி, தண்ணீருக்கு மேல் நடக்கும் அந்தக் குதிரை. இப்படிச் சொன்னால் சிறுபிள்ளைக் கதை மாதிரித் தெரியும். சிறுபிள்ளைக் கதைதான். ஆனால் அதை எழுதியவர் இருபது வருடத்துக்கு மேல் விடாமல் எழுதினார். தொடங்கும்போது கிழவனாக இருந்த மந்திரி பதினெட்டாம் பாகத்தில் பால்குடி மறக்காத பிள்ளையாகி, அவனை ராணி இடுப்பில் தூக்கிக்கொண்டு அரசாள்வதோடு கதை முடியும். எங்கள் வகுப்பில் பதினொரு பெண்களுக்கு ஒரு பிரதி. ஆளுக்கு ஒரு நாள் தவணை. மேசைக்குக் கீழே வைத்து, கணக்கு ரீச்சருக்குத் தெரியாமல், பாதி பக்கங்களைப் பாய்ந்து பாய்ந்துதான் வாசித்தோம். குதிரையின் நிறத்தைக் கவனிக்க எங்கே நேரம்?

அதனால்தான் மாப்பிள்ளை சொன்ன ஒரு யோசனை எனக்குப் பிடித்தது. அவருடைய இரண்டாவது கடிதத்தில் வந்த யோசனை அது. அவரை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் முடிந்து அவர் வந்து சேர ஒன்றரை வருடமாவது ஆகும். அதுவரை இருவரும் முதலாம் பாகத்திலிருந்து மறுபடி வாசிக்கலாம், மாதத்துக்கு ஒரு பாகம், வாசித்ததை எழுதிக்கொள்ளலாம் என்றார். கொழும்பில் அவருக்குப் புத்தகம் இரவல் கொடுக்க ஒரு நண்பர் இருந்தார். எனக்குப் பார்க்டேலில் ஒரு தமிழ்க் கடை இருந்தது. முன்னுக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும், நடுவில் வீடியோ கசெற், கசெற் தட்டுக்குப் பின்னால் இரவல் புத்தகங்கள். அங்கே தொடரின் எல்லாப் பாகங்களும் இருந்தன, வரிசையாக அல்ல. ஆறாம் பாகத்தைத் தேடி நான் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்ததும் உண்டு. எனக்கு முன்னால் வாசித்த யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு பாகத்தின் ஓரத்திலும் பேனையால் "இவன்தான் கள்ளன்" என்று எழுதி அம்புக்குறி வேறு போட்டிருந்தான். நல்லகாலம், எனக்கு முன்பே தெரிந்த கள்ளர்கள்.

எனக்கு அப்போது மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் வேலை. ஸ்ட்ரீட்கார், சப்வே, பிறகு பஸ் என்று போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும் அந்தப் பயணம் எனக்குப் பெரிய சுகம். வெளியே பனி கொட்டும், உள்ளே நான் கோட்டையின் ஏழு வாசலையும் சுற்றி வருவேன்.

மறுவாசிப்பு ஒரு விசித்திரமான வேலை. பதின்மூன்று வயதில் நான் கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று நினைத்த வாள்வீரன், இருபத்தெட்டு வயதில் பார்த்தால் சரியான மோடன். நான்கு பாகமாக ஒரே சட்டையோடு திரிகிறான். அந்தக் காலத்தில் நான் பாய்ந்து போன சமையற்காரி வரும் பக்கங்களைத்தான் இப்போது இரண்டு தரம் வாசித்தேன். முற்றுகைக்குள் இருநூறு பேருக்கு எப்படிக் கஞ்சி காய்ச்சுவது என்று அவள் யோசிக்கும் இடம் இருக்கிறதே, தட்டு அடுக்குகிற எனக்குத்தான் அதன் அருமை தெரியும். இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவேன். கடிதம் போய்ச்சேர இரண்டு கிழமை, பதில் வர இரண்டு கிழமை. மூன்றாம் பாகத்தில் நான் கேட்டதற்கு நான்காம் பாகத்தில் நிற்கும்போது பதில் வரும். அதற்குள் நான் அபிப்பிராயத்தை மாற்றியிருப்பேன்.

எல்லாம் பத்தாம் பாகம்வரை நன்றாகத்தான் போனது.

பத்தாம் பாகத்தில் கோட்டையை எதிரி நெருங்கிவிடுகிறான். வடக்கு வாசலுக்கு வெளியே, மழைக்குள், எங்கிருந்தோ ஓடிவந்த ஆயிரம் பேர் நிற்கிறார்கள். சபை வேண்டாம் என்கிறது, மந்திரி வேண்டாம் என்கிறான். ராணி இறங்கிப்போய்த் தன் கையாலேயே வாசலைத் திறக்கிறாள். அந்த ஆயிரம் பேருக்குள் நாலு ஒற்றர்கள். பதினோராம் பாகத்தில் கோட்டை விழுந்துவிடும். சின்ன வயதில் அதை வாசித்துவிட்டு நான் ராணியைத் திட்டித் தீர்த்தேன். ஆரோ எவருக்காகவோ நல்ல கோட்டையைக் கொடுத்தாளே பாவி என்று எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த முறை பஸ்ஸில் அதே பக்கத்தை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டு விமான நிலையத்தில் ஒற்றைப் பையோடு நான் நின்ற நாள் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தவளை நான் எப்படிக் குறை சொல்வது? அதைத்தான் எழுதினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. திறந்தது பிழை, படு பிழை என்று நாலு பக்கம் எழுதினார். நான் ஆறு பக்கம் எழுதினேன். அவர் ஒரு நில அளவையாளர், எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். கோட்டையை முழுதாக வரைந்து, வாசல்களுக்கு இலக்கமிட்டு, எதிரிப்படை நிற்கும் இடங்களைச் சிவப்பு மையால் குறித்து, வடக்கு வாசலைத் திறந்தால் ஒற்றன் எத்தனை அடி நடந்து ஆயுதசாலைக்குப் போகலாம் என்று அளவுகோலோடு ஒரு படம் அனுப்பினார். கொழும்பில் ஒவ்வொரு சந்தியிலும் தமிழ்ப் பெடியளை, இயக்கமோ என்று சந்தேகப்பட்டு, நிறுத்திச் சோதிக்கிற யுத்தகாலம் அது. இப்படி ஒரு படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு நடந்து போயிருக்கிறார் மனுசன். அது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. படத்தில் மேற்கு வாசல் கோணல் என்று பதில் எழுதினேன்.

எங்கள் அறிவு எவ்வளவு என்பது பைல் அண்ணையிடம் போனபோதுதான் தெரிந்தது. பைலும் கையுமாகத் திரிவதால் அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தமிழ்க் கடைக்கு மேலே சின்ன அறை வைத்து, ஊர்ச் சனத்துக்கெல்லாம் குடிவரவுப் பத்திரம் நிரப்பி, கடிதங்களை மொழிபெயர்த்து, முத்திரை குத்திக் கொடுப்பவர். நடக்கப்போகும் கலியாணம் உண்மையானது, விசாவுக்காகச் செய்யும் கடதாசிக் கலியாணம் இல்லை என்று காட்டுவதற்கு இருவரும் எழுதிய கடிதங்களைக் கட்டிக் கொடுக்கவேண்டும். நான் பெருமையோடு ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை எழுதியதெல்லாம் அதில் இருந்தது. நான் எழுதியவற்றையும் படியெடுத்து அனுப்பியிருந்தார். கொழும்பில் அவரை நேர்முகத்துக்குக் கூப்பிடும்போது இந்தக் கட்டுத்தான் அதிகாரியின் மேசையில் இருக்கும்.

பைல் அண்ணை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்று வாசித்தார். இரண்டு வாசித்தார். படத்தை விரித்தார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

"தங்கச்சி, உது என்ன?"

"கதை அண்ணை. நாங்கள் வாசிக்கிற கதை."

"வடக்கு வாசலைத் திறந்தது பிழை. ஒற்றன் ஆயுதசாலைக்கு இருநூற்றுப் பத்து அடி. உதை நான் இங்கிலீசில மாத்திக் குடுத்தா என்ன நினைப்பினம்? அந்தப் பெடியனுக்கு விசாவும் இல்லை, வெளியில நடமாட்டமும் இல்லை." குரலைத் தாழ்த்தினார். "அதை விடும். இவ்வளவு கடிதத்தில 'அன்பே' எண்டு ஒரு சொல்லாவது இருக்கோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவர் கடிதம் 'வணக்கம்' என்று தொடங்கும். என்னுடையது நேராகச் சண்டையில் தொடங்கும்.

பெட்டியை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தேன். அதுவரை இந்தக் கலியாணம் எனக்கு நடந்தால் நடக்கும் என்ற மாதிரித்தான் இருந்தது. மறுத்துவிட்டார்கள் என்றால் என்ன செய்வேன் என்று ஸ்ட்ரீட்காரில் நினைத்துப் பார்த்தேன். இன்னும் ஆறு பாகத்தை நான் தனியாக வாசிக்கவேண்டும். யாரோடும் சண்டை பிடிக்க முடியாது. அந்த நினைப்பையே என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அவர் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். முகம் பார்க்காத மனுசன், போட்டோவில் காது கொஞ்சம் பெரிது, இருந்தாலும் வேண்டும்.

வீட்டில் அவசரக் கூட்டம் நடந்தது. அண்ணி ஒரு வழி சொன்னாள். புதிதாகக் காதல் கடிதம் எழுதிப் பழைய திகதி போடுவது.

"நான் சொல்லச் சொல்ல எழுதும். 'உங்களைக் காணாமல் எனக்கு நித்திரை இல்லை.'"

"எனக்கு நல்லா நித்திரை வருது அண்ணி."

"எழுதும் எண்டுறன். 'நிலவைப் பாத்தா உங்கட முகம் தெரியுது.'"

"அவரின்ர காதும் தெரியுதெண்டு எழுதட்டோ?"

அண்ணி பேனையைப் பறித்துக்கொண்டு தானே எழுதத் தொடங்கினாள். ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அண்ணன் வாசித்துவிட்டு, எனக்கு ஒருநாளும் இப்படி எழுதவில்லையே என்று முகத்தைத் தொங்கப்போட்டார். அது வேறு சண்டையாகிவிட்டது. கடைசியில், இதே மாதிரி நீங்களும் ஒன்று எழுதி அனுப்புங்கோ என்று சொல்லி அந்தக் கடிதத்தைக் கொழும்புக்குத் தபாலில் போட்டேன். நாலு கிழமையில் பதில் வந்தது. "உமக்குக் காய்ச்சலா? இதை எழுதியது நீர் இல்லை. நீர் என்றால் இரண்டாம் வரியிலேயே என்னைத் திட்டியிருப்பீர். உள்ளதையே கொடும்."

அதை எடுத்துக்கொண்டு பைல் அண்ணையிடம் போனேன். அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தால், மேசையில் தொடரின் நாலாம் பாகம் கவிழ்த்து வைத்திருந்தது. கடிதங்களில் பாதி விளங்கவில்லையாம், விளங்குவதற்காகக் கீழே கடையில் முதலாம் பாகத்தை எடுத்தாராம். "குதிரை உண்மையா நிறம் மாறுதோ?" என்று கேட்டார். பிறகு எல்லாக் கடிதத்தையும் மொழிபெயர்த்தார், படத்தையும் சேர்த்தார். இவர்கள் பேசுவது ஒரு கற்பனைக் கதையைப் பற்றி, இப்படி ஒரு கோட்டை உலகத்தில் எங்கும் இல்லை என்று முன்னுக்கு ஒரு பக்கம் எழுதி, அதற்கு இரண்டு முத்திரை குத்தினார்.

நேர்முகம் வைகாசியில் வந்தது. கொழும்பில் மாலை என்றால் எங்களுக்குக் காலை. நான் வேலைக்கு வெளிக்கிட்டு, கோட்டும் போட்டுக்கொண்டு ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். மணி அடித்ததும் எடுத்தேன்.

"என்ன கேட்டவை?"

"முதல்ல படத்தை எடுத்து விரிச்சு வைச்சா அந்த அதிகாரி அம்மா. இது எங்க இருக்கிற இடம் எண்டா. பத்தாம் பாகத்தில எண்டன்."

"பகிடி விட்டனீங்களோ?"

"உண்மையைச் சொன்னன். பிறகு கடிதங்களைப் புரட்டினா. நல்லா வாசிச்சிருக்கிறா. அப்ப வாசலைத் திறந்தது பிழை எண்டுதான் நீங்கள் நினைக்கிறியளோ எண்டு கேட்டா."

விசா கேட்டு வாசலில் நிற்கிற ஆளிடம், வாசலுக்குப் பொறுப்பான ஆள் கேட்கிற கேள்வி. ஒரு குழந்தைக்கும் பதில் தெரியும்.

"சரி எண்டு சொல்லிப்போட்டியள்தானே?"

"இல்லை. பிழை எண்டன்."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அண்ணன் குசினிக்குள் இருந்து ஓடிவந்தார்.

"ஏன்? ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு மாத்திச் சொன்னா என்ன குறைஞ்சா போகும்?"

"கேளுமன். திறந்தது பிழை இல்லை, கேக்காமத் திறந்ததுதான் பிழை எண்டன். நீங்கள் இப்ப என்னைக் கேக்கிற மாதிரி, ஆரிட்ட வாறாய், ஏன் வாறாய் எண்டு ஒவ்வொருத்தரா இருத்திக் கேட்டுத் திறந்திருந்தா கோட்டையும் நிண்டிருக்கும், சனமும் உள்ளுக்கு வந்திருக்கும் எண்டன்."

"அதுக்கு அவ என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. எழுதினா. கனக்க எழுதினா."

"சிரிச்சவவோ?"

"தெரியேல்லை. குனிஞ்சுகொண்டு எழுதினா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, அண்ணியைப் பகைத்து, பைல் அண்ணையை அலைக்கழித்து, கடைசியில் இந்த மனுசன் தன் பிடிவாதத்தைக் கொண்டுபோய் அந்த மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். உங்களுக்கு வர விருப்பம் இல்லையென்றால் நேரே சொல்லுங்கோ என்று கத்தினேன். "அங்க பொய் சொல்லிப்போட்டு வந்தா, பிறகு உம்மோட எந்த முகத்தோட சண்டை பிடிக்கிறது?" என்றார் அவர். நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு அழுதேன். அன்றைக்கு வேலைக்குப் பிந்தித்தான் போனேன்.

பிறகு ஆறு கிழமை. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமே இல்லை. தட்டு அடுக்கும் இடத்தில் கரண்டி வைக்காமல் நாற்பது தட்டை விட்டுவிட்டேன் என்று பேச்சு வாங்கினேன். பைல் அண்ணை பத்தாம் பாகத்துக்கு வந்துவிட்டார், வழியில் கண்டால் ராணியின் பக்கம்தான் நியாயம் என்று சொல்லி என்னைத் தேற்றுவார். எனக்கு மிகவும் எரிச்சலூட்டியவை கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள்தான். கிழமைக்கு ஒன்று தவறாமல் வந்தது. ஒன்றிலும் விசா என்ற பேச்சே இல்லை. பதின்மூன்றாம் பாகம் எப்படி, பாலைவனத்தில் ராணி செருப்பில்லாமல் நடப்பது எப்படி என்று இரண்டு பக்கம். இந்த ஆளுக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தோற்கக்கூடாது என்பதற்காக நானும் பதின்மூன்றாம் பாகத்தைப் பற்றியே எழுதினேன். விசாவைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அண்ணி தோசை சுட்டுக்கொண்டிருக்க, ரெலிபோன் அடித்தது. அண்ணன் எடுத்தார். "ஓம், ஓம்," என்றார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. அண்ணி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"தந்திட்டினம்," என்றார் அவர். "பாஸ்போட் கையில இருக்கு."

எத்தனையோ சொல்ல நினைத்திருந்தேன். அண்ணி என் தோளில் இடித்தாள். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, எப்போதும் கேட்பதையே கேட்டேன்.

"பதின்மூண்டு முடிஞ்சுதோ? இப்ப எதில நிக்கிறியள்?"

அண்ணி தலையில் கை வைத்தாள்.

"பதின்மூண்டை நான் திறக்கவே இல்லை," என்றார். "நேர்முகம் முடிஞ்ச நாள் துவக்கம் ஒரு பக்கம்கூட வாசிக்க ஏலாமப் போச்சு. எடுத்தா எழுத்தெல்லாம் ஓடுது. சின்னனில வாசிச்ச ஞாபகத்தை வைச்சுத்தான் உமக்கு எழுதினன். நீர் பயப்படக்கூடாது எண்டு."

என்னுடைய பதின்மூன்றாம் பாகம் அந்த ஆறு கிழமையும் கடையிலேயே இருந்தது. நான் போய் எடுக்கவே இல்லை, நானும் பழைய ஞாபகத்தை வைத்துத்தான் எழுதியிருந்தேன். அவருக்கு அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது, அண்ணன் அண்ணி எல்லாருக்கும் முன்னால், வெட்கமில்லாமல். அவரும் அங்கே ரெலிபோனை வைக்காமல் நின்றார்.